கம்ப்யூட்டருக்கு நெற்றி

சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன் சார், அதற்குள் அந்தக் கீயைத் தேடி எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு, போகும்போது ஹெல்மெட்டை மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போனான் கஜபதி. திரும்பி வருவான் என்பதற்கு அதுதான் அடமானமாம். உள்ளே பஞ்சு பிய்ந்து, தலை எண்ணெய் ஊறிக் கறுத்து, சுளையெல்லாம் எடுத்துவிட்டுக் கவிழ்த்து வைத்த பலாப்பழத் தோல் மாதிரி அது உட்கார்ந்திருந்தது. தலையைக் காப்பாற்றுகிற சாமானின் லட்சணம் இது என்றால் அதற்குள் போய்வரும் தலையின் லட்சணம் என்னவாக இருக்கும் என்று தணிகாசலம் நினைத்தார். காலையிலிருந்து அவர் நினைத்ததெல்லாம் இந்த மாதிரிதான். காலையில் கடையைத் திறந்து, கடை என்றால் பத்திரம் டைப் அடித்துக் கொடுக்கிற வீட்டின் முன்னறைதான், ஊதுவத்திகூட ஏற்றாமல் பொத்தானை அமுக்கியதும் திரை நீலமாகி, இங்கிலீஷில் நாலு வரி எழுதிக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. நீலம் என்றால் ஸ்டேஷன் கக்கூஸ் கதவுக்கு அடிக்கிற நீலம். அணைத்துப் போட்டாலும் அதே நீலம். கஜபதியைக் கூப்பிட்டனுப்ப வேண்டியதாயிற்று. அரக்கோணத்தில் கம்ப்யூட்டர் வைத்தியம் பார்க்கிறவர்களில் இவன்தான் கொஞ்சம் நிதானமானவன் என்று பேர். நாற்பது தாண்டியவன், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான், அந்தக் கதையைச் சொல்லாமல் ஒரு திருகாணியைக் கழற்ற மாட்டான். வந்தான், குனிந்தான், இரண்டு தரம் தட்டினான், நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "சிஸ்டம் செத்துப் போச்சு சார். எடுத்துட்டுப் புதுசா ஏத்தணும். உங்க டைப்பிங் எல்லாம் தனியா இருக்குது, அதுக்கு ஒண்ணும் ஆவல. ஏத்தும்போது நடுவுல கீ கேக்கும். எழுத்தும் நம்பருமா நீட்டமா வருமே, அது. ஒரிஜினல் வாங்கினவங்ககிட்ட இருக்கும்." இருக்கும் என்றார் தணிகாசலம். அவர் சொன்ன தோரணைக்கு அது சட்டைப்பையிலேயே இருப்பதுபோல் இருந்திருக்க வேண்டும். கஜபதி சிரித்தான். "இல்லன்னாலும் கவலப்படாதீங்க. நம்மகிட்ட ஒண்ணு இருக்குது. ஊரே அதுலதான் ஓடுது."

ஊரே. மற்றதெல்லாம் காதில் விழுந்து வெளியே போய்விட்டது, இந்த ஒரு சொல் மட்டும் பல்லிடுக்கில் கொட்டைப்பாக்குத் தூள் மாதிரி மாட்டிக்கொண்டது. ஊரே அதில் ஓடட்டும். ஊர் எதில்தான் ஓடவில்லை, கொக்கி போட்ட கரண்டில் ஓடுகிறது, அடுத்தவன் கேபிளில் ஓடுகிறது, டிக்கெட் வாங்காமல் மின்சார ரயிலில் ஏறித் திருவள்ளூர் வரைக்கும் ஓடுகிறது. அந்த ஊரில் விலை கொடுத்து, ரசீது போட்டு, முத்திரை ஒட்டிய அசல் சாமான் வாங்கி வைத்தவர் அவர் ஒருத்தர்தான். அதனால்தானே ஒரிஜினல் தணிகாசலம் என்று பேர் வந்தது. வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள், அது அவருக்குத் தெரியும். கேலி செய்கிறவர்களின் யோக்கியதை தெரிந்தபிறகு கேலி ஒரு பட்டம் மாதிரி ஆகிவிடுகிறது. எதிர்ச்சாரியில் ஜெராக்ஸும் பிரௌசிங்கும் வைத்திருக்கும் லோகு இருக்கிறானே, அவன் கடையில் இருக்கிற அத்தனை பெட்டியிலும் ஓடுவது திருட்டுப் பிரதி. ஒரு சமயம் கம்பெனிக்காரர்கள் போலீசோடு சோதனைக்கு வருகிறார்கள் என்று புரளி கிளம்பி, தெரு பூராவும் படபடவென்று ஷட்டரை இழுத்து மூடிக்கொண்டது. தணிகாசலம் மட்டும் ஒரு நாற்காலியை வாசலில் போட்டு, வேட்டியை நன்றாக விரித்துக் கட்டிக்கொண்டு, பேப்பரைப் பிரித்து உட்கார்ந்தார். வரட்டும், வந்து பார்க்கட்டும், பார்த்து ஒரு சலாம் போட்டுவிட்டுப் போகட்டும் என்று. லோகு ஒரு பெட்டியைத் துண்டு போட்டு மூடி, பிள்ளைத்தாச்சியைத் தாங்குவதுபோல் தாங்கிக்கொண்டு ஓடிவந்தான். "அண்ணே, இன்னிக்கு ஒரு பொழுது உங்க வீட்டுல இருக்கட்டும்ணே. உங்க வூட்டப் பாக்க மாட்டாங்க." திருட்டுச் சாமான் வைக்க இது குடோன் இல்லை என்று தெருவே கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டு அன்றைக்கெல்லாம் அந்த வாக்கியத்தை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து ருசித்தார். யாரும் சோதனைக்கு வரவில்லை. சாயந்திரம்தான் தெரிந்தது, அவர் சம்சாரம் பவுனம்மாள் கொல்லைப்பக்கக் கதவைத் திறந்து அந்தப் பெட்டியை உள்ளே வாங்கி, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்து, தன் பழைய சேலை ஒன்றைப் போர்த்தியிருந்தாள். அவர் வாசலில் யோக்கியனாக உட்கார்ந்திருந்த அந்தப் பகல் முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால் திருட்டுச் சாமான் சேலை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "பாவங்க, கையெல்லாம் நடுங்குது அந்தப் பையனுக்கு," என்றாள். அப்புறம் கொஞ்ச நாள் அவர் அவளோடு பேசவில்லை. அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அவர் பேசாதது அவளுக்கு உறைத்ததா என்பதே சந்தேகம். இப்போது கீ இல்லை என்று ஆகிவிட்டால் கஜபதி சும்மா இருப்பானா. சாயந்திரம் லோகு கடையில்தான் டீ குடிப்பான். குடித்துக்கொண்டே சொல்வான். லோகு சிரிக்க மாட்டான், அதுதான் கொடுமை, பாவம்ணே என்பான்.

பீரோவைத் திறந்தார். எதையும் தூக்கிப்போடாத ஒரு பொம்பளை கட்டியாண்ட பீரோ எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மிக்சி எரிந்துபோய் வருஷக்கணக்கு ஆகிறது, அதன் வாரண்டி அட்டை பத்திரமாக இருந்தது. ஜவுளிக்கடைப் பைகள் மடிப்புக் கலையாமல், ஒன்றுக்குள் ஒன்றாக, ஒரு பையைத் திறந்தால் பை, அதற்குள் பை. ரப்பர் பேண்டுகள் சுற்றிய மருந்துச் சீட்டுகள். அவளுக்கு நெஞ்சுப் படம் எடுத்த பெரிய கறுப்பு பிலிம், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமலே திரும்ப வைத்தார். விலா எலும்புகளை எண்ணிப் பார்த்து என்ன ஆகப்போகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் படித்தவன் பார்த்தே ஒன்றும் ஆகவில்லை. நாப்தலின் உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. அவர் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதைவிட, டைப் அடிக்கக் கற்றுக்கொண்டதைவிட, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் தானாகவே கற்றுக்கொண்டதைவிடச் சிரமமான காரியம் இந்த பீரோவில் ஒரு சாமானைக் கண்டுபிடிப்பது. அவள் இருந்தபோது கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுப்பார், அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, பார்க்காமலே கையை விட்டு, அதே சாமானை எடுத்துக் கொடுப்பாள். அதில் ஒரு புத்திசாலித்தனமும் இல்லை, எலிக்கும் அதன் வளை தெரியும் என்றுதான் அப்போது நினைத்திருந்தார். செல்போன் அடித்தது. பெங்களூரிலிருந்து மகன். செங்குட்டுவன் என்று ஒரு ராஜாவின் பேரை வைத்துவிட்டால் பிள்ளை தலை நிமிர்ந்து நடப்பான் என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. ஆபீசில் அவனை செங் என்று கூப்பிடுகிறார்களாம், அதற்கு அவனும் திரும்பிப் பார்க்கிறானாம். "அப்பா, கஜபதி போன் பண்ணாரு. அந்தப் பொட்டிய இன்னுமா வச்சிருக்கீங்க? எடைக்குப் போடுங்கப்பா. நான் லேப்டாப் ஒண்ணு அனுப்பறேன்." எடைக்குப் போடு என்பது இவர்களுக்கு வாயில் வரும் முதல் சொல். "கீ எங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார். "எந்தக் கீ?" "கம்ப்யூட்டரோட கீ." "அதையெல்லாம் இப்ப யாருப்பா பாக்குறாங்க? புதுசுல தன்னால ஏறிக்கும்." தன்னால ஏறுமாம். இவனுக்கு எல்லாமே தன்னால ஏறிக்கொண்டது, இஞ்சினியர் படிப்பு, வேலை, பெண்டாட்டி. பிறகு அவன் வேறு யாரிடமோ ஒரு நிமிஷம் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, சமாதானம் சொல்கிற குரலில், "அம்மா எங்கயாவது எடுத்து வச்சிருப்பாங்கப்பா, நல்லாப் பாருங்க," என்றான். அந்த வீட்டில் எது காணாமல் போனாலும் சொல்கிற வாக்கியம் அது. நகவெட்டி, ரேஷன் கார்டு, ஊசி. வாய்ப்பழக்கம். அவள் போய் மூன்று வருஷமாகியும் வாய்க்கு விஷயம் தெரியவில்லை. "வச்சிடறேன்," என்றார் தணிகாசலம்.

சிடி உறை கிடைத்தது. துணிக்கடைப் பைகளுக்கு அடியில், ஒரு தட்டையான அட்டைப்பெட்டிக்குள், வாங்கின அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே. அதைத் தொட்டதும் நெஞ்சுக்குள் ஒரு திமிர் எழுந்து உட்கார்ந்தது. லோகுவே, பார்த்துக்கொள். கஜபதி, உன் திருட்டுச் சாவியை நீயே வைத்துக்கொள், உன் மாப்பிள்ளைக்குச் சீதனமாகக் கொடு. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளபளவென்று ஒரு முத்திரை இருந்தது. நன்றி இருந்தது, எச்சரிக்கை இருந்தது, இதைக் களவாகப் பிரதி எடுப்பவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. அந்த வரியை ஒரு காலத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டியிருக்கிறார். எழுத்தும் எண்ணுமாக நீளமாக எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி, ஒரு வரி. உங்கள் கீ உங்கள் கம்ப்யூட்டரின் பெட்டிமேல் ஒட்டியுள்ள வெள்ளைத் தாளில் அச்சிடப்பட்டுள்ளது, அதைப் பாதுகாக்கவும். அதை அவர் இரண்டாம் தரம் படித்தார். இத்தனை வருஷத்தில் எச்சரிக்கையை அத்தனை தரம் படித்தவர் இந்த வரியைப் படித்ததில்லை. கடைக்காரன் எல்லாவற்றையும் ஏற்றியே கொடுத்துவிட்டான், எதற்குப் படிப்பது. பெட்டிமேல். வெள்ளைத் தாள். பெட்டி மேஜைக்கு அடியில் இருந்தது. அதன் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. அதை அப்படித் திருப்பி வைத்தவர் அவர்தான், காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன வாரத்தில். வெயில் படுகிறது என்று அப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முன்னறைக்கு எந்தக் காலத்திலும் வெயில் வந்ததில்லை.

அவள் செய்துகொண்டிருந்த கூத்துகளிலேயே பெரிய கூத்து ஆயுத பூஜைதான். வீட்டில் இருக்கிற இரும்பு, மரம், கல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையில் வைத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். அரிவாள்மனை, அம்மி, கத்தரிக்கோல், தையல் மிஷின், சைக்கிள், சுத்தியல். அதில் ஒரு கணக்கு வைத்திருந்தாள். எதற்கும் நெற்றி என்று ஒன்று உண்டாம். அரிவாள்மனைக்கு இரும்பும் கட்டையும் சேர்கிற இடம். சைக்கிளுக்கு ஹேண்டில்பார் நடுவில், பேர் எழுதியிருக்கும் தகட்டுக்கு மேல். டைப்ரைட்டருக்கு உருளைக்குக் கீழே அந்தக் கறுப்புப் பட்டையில். இதை யார் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், யாரும் இல்லை, அவளாகவே முடிவு செய்துகொண்டது. நாலாங்கிளாஸ் படிப்புக்கு அதுதான் முடியும். கம்ப்யூட்டர் வந்த வருஷம் குங்குமத் தட்டோடு வந்து நின்றவள் திகைத்துவிட்டாள். திரையில் வைக்கப் போனாள், கண்ணாடியிலே வைக்காதே என்று அதட்டினார். விசைப்பலகையைப் பார்த்தாள், அத்தனை பல்லில் எதற்கு வைப்பது. கை தவறி ஒரு பொத்தானை அமுக்க, சிடி போடுகிற தட்டு சர்ரென்று நாக்கு மாதிரி வெளியே நீண்டது, இரண்டடி பின்னால் குதித்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சீரியஸாகவே கேட்டாள்: "ஏங்க, இதுக்கு நெத்தி எது?" கடையில் வக்கீல் குமாஸ்தா ஒருத்தர் பத்திரம் அடிக்க உட்கார்ந்திருந்தார். அவர் இருந்ததால்தான் தணிகாசலத்துக்கு அந்த வேகம் வந்தது. பார்க்க ஆள் இருந்தால் கேலிக்குக் கால் முளைக்கும். காலை நீட்டி, செருப்பு நுனியால், பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளைக் காட்டினார். "அதோ வெள்ளையா ஒரு காயிதம் தெரியுதில்ல, அதான் நெத்தி. ஈஸ்வரான்னு பட்டையா வை." குமாஸ்தா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். குனிந்து, முந்தானையால் அந்தத் தாளைத் துடைத்து, சந்தனத்தைத் தொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். அந்தக் கதையை அவர் ஊர் பூராவும் சொன்னார். என் சம்சாரம் கம்ப்யூட்டருக்கு நெற்றி தேடினாள் என்று ஆரம்பித்தாலே லோகு கடையில் இருந்தவர்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். அவர் முன்னறையில் சொல்லிச் சிரிக்கும்போது சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருக்கும். வருஷா வருஷம் அவள் விடாமல் அதே இடத்தில் வைத்தாள். பழையதை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுப் புதிதாக வைப்பாள். அவர் காட்டிய இடம் ஆயிற்றே. அவர் சொல்லி அவள் ஒன்றைக் கேள்வி கேட்காமல் செய்தது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

குனிந்து இரண்டு கையாலும் பெட்டியை இழுத்தார். ஒயர்கள் சேர்ந்து இழுபட்டன, ஒன்று கழன்றது. சுவர் ஓரத்தில் தூசு முயல்குட்டி மாதிரி உருண்டு கிடந்தது, ஒரு பல்லி முட்டை ஓடு. பெட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். இருந்தது. வெள்ளைத் தாள் இப்போது வெள்ளை இல்லை, மஞ்சள். நடுவில் சந்தனம், வற்றிய ஏரி மாதிரி பாளம் பாளமாக வெடித்து, ஆனால் உதிராமல். அதற்கு நடுவில் குங்குமம், கறுத்து, ஒரு பொட்டு. தாளின் ஒரு ஓரத்தில் இரண்டு மூன்று எழுத்துகள் எட்டிப் பார்த்தன, மறு ஓரத்தில் ஒரு எண். மற்றதெல்லாம் அடியில். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கிட்டே போய்ப் பார்த்தார், கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி இல்லாமலிருப்பதே மேல். குங்குமத்தில் விரல் ரேகை இருந்தது. மோதிர விரல். அவள் எப்போதும் மோதிர விரலால்தான் வைப்பாள், வைத்து லேசாக ஒரு திருகு திருகுவாள், குழந்தை நெற்றியில் வைப்பதுபோல. ரேகையின் சுழி அந்தத் திருகலில் கொஞ்சம் இழுபட்டிருந்தது. கடைசி வருஷம் பூஜைக்கு அவளால் குனிய முடியவில்லை, தரையில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து வந்து வைத்தாள், மூச்சு வாங்கியது, இது இல்லாவிட்டால் குடிமுழுகிவிடுமா என்று இவர் இங்கிருந்தே கத்தினார், நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல். குடி முழுகத்தான் முழுகியது, பொங்கலுக்கு முன்னால். அதற்கப்புறம் ஆயுத பூஜை என்று எதுவும் இந்த வீட்டில் நடக்கவில்லை. அரிவாள்மனை துருவேறிக் கிடக்கிறது.

எழுந்துபோய்த் தொட்டிநீரில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தார். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. கடையில் பொட்டலமாக விற்கிற சந்தனம், பொட்டலமாக விற்கிற குங்குமம். துடைத்தால் எழுத்து தெரியும், தெரிந்தால் ஒரிஜினல், தெரியாவிட்டால் ஊர். அவ்வளவுதான். அவளே வருஷா வருஷம் அழித்தவள்தானே, ஒரு தயவு தாட்சணியம் இல்லாமல், அழுக்குப் பாத்திரம் துடைக்கிற மாதிரி. துணியை மடித்து விரலில் சுற்றிக்கொண்டு கையை நீட்டினார். துணியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அப்பா செத்த பத்தாம் நாள் கிணற்றடியில் அத்தைக்காரி ஒருத்தி இதே மாதிரிதான் துணியை மடித்து விரலில் சுற்றிக்கொண்டாள். சுற்றிலும் பொம்பளைகள். அம்மாவை முதல் நாளே பூவும் வளையலும் பெரிய பொட்டுமாக அலங்காரம் பண்ணி உட்காரவைத்திருந்தார்கள், பிடுங்குவதற்காகவே கொடுக்கிற புத்தி. முதல் இழுப்பில் குங்குமம் போகவில்லை, புருவம் வரைக்கும் சிவப்பாக இழுபட்டது. அத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அம்மா முகம் கழுவிவிடும் குழந்தை மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள், அவ்வளவுதான், வாயைத் திறக்கவில்லை. அவர் அப்போது அரைக்கால் சட்டை போட்ட பையன். துவைக்கிற கல்லுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். இவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று அன்றைக்குத் தோன்றியதுதான், அதற்கப்புறம் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள யாரும் அவருக்கு ஒரு காரணமும் கொடுக்கவில்லை. பவுனம்மாள் போனபோது அதே ஜாதிப் பொம்பளைகள்தான் வந்தார்கள். அவளுக்கு மஞ்சள் பூசி, காலணா அகலத்துக்குப் பொட்டு வைத்து, பொட்டோட போறா, குடுத்து வச்ச மகராசி என்று அவர் காதுபடவே சொன்னார்கள். சாவதில் என்ன அதிர்ஷ்டம். சபையில் இருந்த ஆம்பளைகள் அவர் கையைப் பிடித்து மனசைத் தேத்திக்குங்க என்று ஒரே மாதிரி சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்கள். அவரிடமிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை. ஆம்பளைக்கு அழிக்க என்ன இருக்கிறது. அதே வேட்டி, அதே வெள்ளைச் சட்டை, அதே வெறும் நெற்றி. கண்ணாடியில் பார்த்தபோதுகூட எந்த வித்தியாசமும் இல்லை, அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தன் முகத்தின்மேலேயே ஒரு இளக்காரம் வந்தது. மறுவாரம் கடையைத் திறந்து ஒரு குத்தகைப் பத்திரம் அடித்தார், ஒரு பிழைகூட இல்லாமல்.

துணி விரலில் சில்லென்று இருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று ஷண்டிங் ஆகிற சத்தம், பெட்டியும் பெட்டியும் இடித்துக்கொண்டு போகிற வரிசையான சத்தம், தெருமுனையிலிருந்து வந்து வீட்டைக் கடந்து போனது. அதன் அதிர்வில் சந்தனத்தின் ஒரு சின்னப் பாளம் உதிர்ந்துவிடுமோ என்று அவருடைய மற்றொரு கை தானாகவே தாளுக்குக் கீழே போய் ஏந்திக்கொண்டு நின்றது. அந்தக் கையைப் பார்த்து அவருக்கே கேவலமாக இருந்தது. சாமி கும்பிடாதவன் பிரசாதத்துக்குக் கையேந்துகிற மாதிரி. அழித்துவிட்டால் என்ன. அவள் அழித்தது மறுபடி வைப்பதற்காக. இவர் அழித்துவிட்டு அங்கே என்ன வைப்பார். தவிரவும், இத்தனை வருஷம் ஈரத்துணியால் அப்படித் தேய்த்த தாளில் எழுத்து என்ன மிச்சம் இருக்கப்போகிறது, ஒன்றும் இருக்காது, நிச்சயம் இருக்காது, ஓரத்தில் இருப்பது தப்பிப் பிழைத்தது, நடுவில் எல்லாம் போயிருக்கும். துடைத்துப் பார்க்காமலே தெரிகிற விஷயம். துடைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன் என்பது முட்டாள்தனம். இந்த நியாயம் ஒழுங்காக, இடுக்கு இல்லாமல், வக்கீல் எழுதிக்கொடுத்த மாதிரி வந்து நின்றது. அது அத்தனை ஒழுங்காக இருந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. வாசலில் செருப்பு உதறுகிற சத்தம் கேட்டது.

"கெடச்சுதா சார்?" என்று கேட்டுக்கொண்டே கஜபதி உள்ளே வந்தான், மீன்குழம்பு வாசனையோடு. பதிலுக்குக் காத்திராமல் குனிந்தவன் பெட்டியைப் பார்த்துவிட்டு அட என்றான். "இத்த வச்சிக்கினா காலையிலேர்ந்து தேடறீங்க? இதுலதான் சார் இருக்கும் கீ. மேல இன்னாமோ அப்பியிருக்குது. லேசாத் தொடச்சா வந்துடும்." கட்டை விரலை நாக்கில் தொட்டு ஈரம் பண்ணிக்கொண்டு நீட்டினான்.

"கையை எடு," என்றார் தணிகாசலம்.

கஜபதியின் விரல் அந்தரத்தில் நின்றது.

"அதுல ஒண்ணும் இல்ல. அழிஞ்சு போச்சு. பாத்தாச்சு."

"தொடைக்கவே இல்லியே சார். ஈரத்துணி உங்க கையிலயே கீது."

தணிகாசலம் தன் கையைப் பார்த்தார். பிறகு அந்தத் துணியால் மேஜையைத் துடைத்தார், விசைப்பலகையைத் துடைத்தார், ஹெல்மெட்டைத் தூக்கி அது இருந்த இடத்தைத் துடைத்து மறுபடி வைத்தார். "உன்கிட்ட ஒண்ணு இருக்குன்னு சொன்னியே."

"இருக்குது."

"அதப் போடு."

"திருட்டு சார் அது," என்றான் கஜபதி. சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான், தான் எதையோ தப்பாகக் கேட்டுவிட்டதுபோல. "இல்ல, நீங்க... உங்களுக்குப் போயி..."

"ஊரே அதுலதான் ஓடுதுன்ன."

"ஊரு ஓடும் சார். லோகு அண்ணன் கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

"என்ன போட்டியோ அதச் சொல்லு. உன் மாப்பிள்ளை கதைய அளக்கற வாய்தானே."

கஜபதி பையிலிருந்து பேனாவால் கிறுக்கிய ஒரு சிடியை எடுத்து அந்த நாக்கு நீண்டதும் அதன்மேல் வைத்தான். தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மனசுக்குள் ஒன்றும் இடிந்து விழவில்லை. அதுவே ஒரு ஏமாற்றமாக இருந்தது. இத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு அலைந்த கௌரவம் இவ்வளவு லேசான சாமானாகவா இருந்தது, கீழே வைத்தால் சத்தம்கூட வரவில்லையே. நடுவில் திரை கீயைக் கேட்டது. கஜபதி பார்க்காமலே படபடவென்று தட்டினான், அவனுக்கு அது மனப்பாடம், வேலூரிலிருந்து திருத்தணி வரைக்கும் தட்டிப் பழகிய கை. ஏற்றுக்கொண்டது. திருட்டை அசலைவிடச் சீக்கிரமாக ஏற்றுக்கொண்டது. கடைசியில் திரை விழித்து, ஒரு பச்சைப் புல்வெளியோ மலையோ வந்து, வலது கோடியில் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. இது அசல் பிரதி அல்ல. இனி பொத்தானை அமுக்குகிற ஒவ்வொரு நாளும் முதலில் அதைத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

"அத்த மறைக்கறதுக்கும் ஒரு வழி இருக்குது சார்."

"இருக்கட்டும்."

"வர்றவங்க பாப்பாங்க."

"பாக்கட்டும். இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்சவன் எவன் இந்தத் தெருவுல இருக்கான்."

கஜபதி ஒயர்களைச் செருகினான், திருகாணிகளை முடுக்கினான். பெட்டியை மேஜைக்கு அடியில் தள்ளிக்கொண்டே, பழையபடி சுவர்ப் பக்கமாகத் திருப்பப் போனான். வேண்டாம் என்றார் தணிகாசலம், நாற்காலியைவிட்டு எழுந்துவந்து, தானே அதைத் தன் முழங்காலுக்கு நேராக, உட்கார்ந்தால் கண்ணில் படுகிற மாதிரி, மெதுவாகத் திருப்பி வைத்தார். கஜபதி ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்கிற முகத்தோடு குனிந்து இன்னொரு தரம் அதைப் பார்த்தான்.

"ஏன் சார், எல்லாரும் முன்னாடி வைப்பாங்க, மானிட்டர்ல வைப்பாங்க. இதுல போயி சைடுல வச்சிருக்கீங்களே பொட்ட?"

தணிகாசலம் அவனை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறான், ஊரிலிருக்கிற பெட்டியெல்லாம் இவன் கழற்றி மாட்டியது, இவனுக்கு இதுகூடத் தெரியவில்லை.

"பொட்ட நெத்தியில வைக்காம," என்றார், "வேற எங்கடா வைப்பாங்க?"